ஹோலில் நெருப்புப் படம், பின்னறையில் கரிச்சட்டி



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள ஐந்து கேள்விகளையாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

போன மாதம் என்னிடம் படிக்கும் ஒரு ஓஎல் மாணவனின் வீட்டுக்குப் போனேன். வாப்பா போன் பண்ணி, "சேர், கட்டாயம் வரணும், ஹோலை மாத்தியிருக்கம்" என்றார். போனால், சுவரில் கல் டைல்ஸ் ஒட்டி, நடுவில் கண்ணாடி வைத்த ஒரு எலக்ட்ரிக் பயர் பிளேஸ். உள்ளே விறகு மாதிரி பிளாஸ்டிக், அதில் நெருப்பு மாதிரி வெளிச்சம். மேலே டீவி. பிள்ளைகள் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். நானும் நின்றேன், பொய் சொல்லவில்லை. பார்க்க அழகுதான்.

பிளேன்டீ வந்தது. மாணவனைக் காணவில்லை. கேட்டேன். குசினியில் படிக்கிறானாம். போய்ப் பார்த்தால், ஜன்னலைச் சாத்தி, கேஸ் அடுப்பில் ஒரு பர்னரைச் சும்மா எரியவிட்டு, அந்தச் சூட்டில் கையைக் காட்டிக்காட்டி கணக்குச் செய்துகொண்டிருந்தான்.

அதோடு முடியவில்லை. உம்மும்மாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வரலாம் என்று பின்னறைக் கதவைத் திறந்தேன். மூன்று போர்வை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஜன்னல் இடுக்கில் துணி வேறு திணித்திருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு சட்டியில் கரி கணகணவென்று எரிகிறது. "தல வலிக்குது மகன், குளிர்தான் போல" என்றார் உம்மும்மா.

குளிர் இல்லை அது. அடைத்த அறையில் எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலி வரும், பிறகு மயக்கம், பிறகு நித்திரையிலேயே முடிந்துவிடும். நான் ஜன்னலைத் திறந்தேன், சட்டியை வெளியே எடுத்துப்போய் வைத்தோம், உம்மும்மாவை ஹோலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், நலமாக இருக்கிறார். இதை எழுதலாமா என்று அந்த வீட்டாரிடம் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க சேர், நாலு பேர் திருந்தட்டும்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. உம்மும்மாவில் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் ஹீட்டர் வாங்க முடிவெடுத்த நாளில் அந்த வீட்டில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை: "நம்ம வீட்டில் யாருக்குக் குளிருது? எங்கே குளிருது?" கேட்டிருந்தால் பதில் பின்னறையிலும் குசினியிலும் இருந்தது. கேட்காததால் காசு ஹோலுக்குப் போனது.

இப்போது நுவரெலியாவில் இது ஒரு பரவலாகிவிட்டது. ஒருவர் வைத்தால் அடுத்த ஒழுங்கையில் இன்னொருவர் வைக்கிறார். என்னிடம் நாலைந்து பேர் "சேர், விஞ்ஞானம் படிப்பிக்கிறீங்க, இது நல்லமா?" என்று கேட்டுவிட்டார்கள். அதனால் விஞ்ஞானத்தை வைத்தே பேசுகிறேன்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்முனைப் பக்கத்து ஆள். ஆசிரியர் கலாசாலை முடித்து இங்கே நியமனம் கிடைத்து வந்தபோது, ஃபேன் இல்லாமல் தூங்கிப் பழகாதவன் நான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் ஒரு தகரக் கூரை அறை. ஜனவரிக் குளிரில் பல் அடித்தது. முதல் சம்பளத்தில் 2,000 வொட் ஹீட்டர் ஒன்று வாங்கி, பழைய உருண்டை முனை 5 அம்பியர் பிளக் பொயின்டில் ஒரு அடப்டர் போட்டுச் செருகினேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு நானே படிப்பிப்பது: அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வலு. 2,000 வொட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 அம்பியர். 5 அம்பியர் தாங்கும் பொயின்டில் 8.7 அம்பியர்! இரண்டாம் நாள் இரவு பிளாஸ்டிக் கருகும் மணத்தில்தான் எழும்பினேன். படிப்பித்தவனே செய்த பிழை இது. அதனால் உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். சூடு பட்டவன் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எலக்ட்ரிக் பயர் பிளேஸ் என்பது என்ன? உள்ளே சூடாகும் ஒரு கம்பி அல்லது தகடு, அதன் காற்றைத் தள்ள ஒரு சின்ன ஃபேன், நெருப்பு மாதிரிக் காட்ட எல்ஈடி பல்பும் ஒரு பிரதிபலிப்பும். அவ்வளவுதான். சூட்டைத் தருவது அந்தக் கம்பி. நெருப்புப் படம் சூட்டில் ஒரு பாகையும் கூட்டாது. 1,500 வொட் பயர் பிளேஸ் தரும் சூடும் 1,500 வொட் சாதாரண ஹீட்டர் தரும் சூடும் ஒன்றே. ஒரு யூனிட் கரண்ட் எடுத்தால் ஒரு யூனிட் சூடு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "இது கரண்ட் குறைவா எடுத்து கூட சூடு தரும்" என்று கடைக்காரர் சொன்னால், அவரிடம் கேளுங்கள்: நெருப்புப் படத்தை மட்டும் ஓடவிட்டாலா, ஹீட்டரையும் போட்டாலா? படம் மட்டும் என்றால் உண்மை, ஒரு பல்ப் அளவுதான் எடுக்கும். சூடு வேண்டுமென்றால் அந்தப் பேச்சு செல்லாது. அந்த விலை வித்தியாசம் முழுக்க அழகுக்கான விலை. அழகுக்குக் காசு கொடுப்பது உங்கள் உரிமை. சூட்டுக்குக் கொடுத்ததாக நினைத்து ஏமாறாதீர்கள், அவ்வளவுதான் என் வாதம்.

அடுத்தது பில். கொப்பி பேனை எடுங்கள்.

1,500 வொட், அதாவது 1.5 கிலோவொட். இரவு 6 மணியிலிருந்து 10 மணி வரை 4 மணித்தியாலம். ஒரு நாளைக்கு 6 யூனிட். 30 நாளைக்கு 180 யூனிட். இது ஹீட்டர் மட்டும். லைட், ஃப்ரிட்ஜ், அயர்ன், தண்ணி மோட்டர் எல்லாம் இதற்கு வெளியே.

வீட்டுக் கட்டணம் எப்படிப் போடுகிறார்கள் என்று உங்கள் பில்லின் பின்புறத்தைப் பாருங்கள். படிப்படியாக ஏறும். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் அட்டவணையே வேறு. 180ஐத் தாண்டினால் மேலே வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கடைசிப் படியின் விலை, மாதாந்த நிலையான கட்டணமும் அந்தப் படிக்குப் போய்விடும். இப்போது 110 யூனிட் எரிக்கும் வீடு ஹீட்டரோடு 290 ஆகிறது. அதில் 110 யூனிட் ஆகக் கூடிய விலையில். அதனால் "இப்ப 110க்கு இவ்வளவு வருது, 290க்கு இரண்டரை மடங்கு வரும்" என்று கணக்குப் போடாதீர்கள். அதைவிட நன்றாகவே கூட வரும். விலை அடிக்கடி மாறுவதால் நான் ரூபாய் எழுதவில்லை. உங்கள் கையில் உள்ள பில்லின் விலையைப் போட்டு நீங்களே பெருக்குங்கள். அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். தர்மோஸ்டட் உள்ள ஹீட்டர் அறை சூடானதும் தானாக நின்று நின்று எரியும். நன்றாக அடைத்த சின்ன அறை என்றால் 180 யூனிட் பாதியாகலாம். ஆனால் நம் ஹோல்கள் சின்னவையும் இல்லை, அடைத்தவையும் இல்லை.

இங்கேதான் பெரிய விஷயம் இருக்கிறது. ஒரு பொதுக் கணக்கு: ஓரளவு அடைத்த, சாதாரண உயர அறைக்கு சதுர அடிக்கு 10 வொட். 1,500 வொட் என்றால் 150 சதுர அடி, அதாவது 10க்கு 15 அறை. நம் வீட்டு ஹோல் எத்தனை சதுர அடி? 300, 400. அதோடு சாப்பாட்டு இடமும் மாடிப்படியும் சேர்ந்து திறந்தே இருக்கும். சூடான காற்று மேலே போகும் என்று எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். மாடிப்படி இருந்தால் சூடு மாடிக்கு. சீலிங் அடிக்காத தகரம், சீட் கூரை என்றால் சூடு வானத்துக்கு. நீங்கள் பில் கட்டி பிதுருதலாகல மலையைச் சூடாக்குகிறீர்கள்.

பழைய வெள்ளைக்காரன் காலத்து வீடுகளில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் உண்மையான பயர் பிளேஸும் சிம்னியும் இருக்கும். அந்தப் பொந்துக்குள் அப்படியே தள்ளி வைக்கும் வகை எலக்ட்ரிக் பெட்டியும் வருகிறது. உங்களுக்குத்தான் இது ஓரளவு பொருத்தம், ஏனென்றால் இடம் ஏற்கனவே இருக்கிறது. ஆனால் மூன்று வேலை செய்யாமல் வைக்காதீர்கள். ஒன்று, பொந்தின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். பழைய பொந்துகள் உள்ளே போகப்போக ஒடுங்கும். முன்பக்கத்தை மட்டும் அளந்து வாங்கிவிட்டுப் பெட்டி உள்ளே போகவில்லை என்று நின்றவரை எனக்குத் தெரியும். இரண்டு, சிம்னியை அடையுங்கள். திறந்திருந்தால் அது இரவும் பகலும் உங்கள் சூட்டை உறிஞ்சி மேலே அனுப்பும். மழை ஒழுகுமா, குருவிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் சொட்டும் இடத்தில் கரண்ட் பெட்டி வைப்பது விளையாட்டில்லை. முழுதாகக் காற்றே போகாமல் சீமெந்து பூசிவிடவும் வேண்டாம், சிம்னிக்குள் ஈரம் கட்டி சுவர் பூஞ்சணம் பிடிக்கும். சின்னக் காற்றோட்டம் ஒன்று விடுங்கள். மூன்று, கறி வைக்கும் சட்டி கழுவுவதுபோல் அந்தப் பொந்தின் பழைய கரியைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். ஃபேன் உள்ள சாமான் அது, தூசியை இழுக்கும்.

புது வீட்டில் சுவர் எழுப்பி வைப்பவர்கள் சூடான காற்று எந்தப் பக்கத்தால் வெளியே வருகிறது என்று பாருங்கள். மேலால் வருகிறது என்றால் அதற்கு மேல் டீவி மாட்டாதீர்கள். திரைச்சீலை, சோபா, முஸல்லா எதுவும் மூன்று அடிக்குள் இருக்கக் கூடாது.

வயரிங். இதை வாசிக்காமல் தாண்டாதீர்கள்.

"எங்க வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்கு சேர், பயமில்ல" என்று சொல்பவர்கள்தான் அதிகம். ட்ரிப் சுவிட்ச் உங்களை ஷொக்கிலிருந்து காப்பாற்றும். கரண்ட் வேறு வழியில் கசிந்தால் விழும். பிளக் சூடாகி உருகுவதை அது பார்க்காது. அதைப் பார்க்க வேண்டியது எம்சீபீ. அதுவும் 16 அம்பியர் எம்சீபீ என்றால் 8.7 அம்பியருக்கு அசையவே அசையாது. ஆனால் அந்த 8.7 அம்பியர் உங்கள் பழைய 5 அம்பியர் பொயின்டையும் மலிவு மல்டி பிளக்கையும் உருக்கப் போதும். என் அறையில் நடந்தது அதுதான். ட்ரிப் சுவிட்ச் கடைசி வரை விழவில்லை.

இன்று நம் நாட்டு நியமம் சதுர முனை 13 அம்பியர் பிளக். பயர் பிளேஸுக்கென்று தனி 13 அம்பியர் பொயின்ட், போர்டிலிருந்து நேராக 2.5 வயர், சரியான ஏர்த். தெரிந்த எலக்ட்ரீஷனைக் கூட்டிவந்து செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் கோட் வேண்டாம், அடப்டர் வேண்டாம். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை.

வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் அனுப்பும் பெட்டிகள் பற்றியும் ஒரு வார்த்தை. கனடா, அமெரிக்கா சாமான் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டில் வருவது 230. ஒருவர் ஆசையோடு திறந்து, முனையை மாற்றிச் செருகினார். ஒரு சத்தம், ஒரு புகை, முடிந்தது. பெட்டியில் 220 முதல் 240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி வரப்போகும் கொமென்ட்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"சேருக்குப் பொறாமை." ஆசிரியர் சம்பளத்தில் பொறாமைப்பட ஆயிரம் விஷயம் இருக்கிறது, பயர் பிளேஸ் அந்த லிஸ்டில் கீழே.

"விறகு எரிச்சா புகை, இது சுத்தம்தானே?" முழுக்கச் சரி. இந்த இடத்தில் நான் எலக்ட்ரிக் பக்கம். திறந்த விறகு நெருப்பின் சூட்டில் பெரும்பகுதி சிம்னியால் போய்விடும், புகை வீட்டுக்குள் வரும், வீசிங் உள்ளவர்களுக்கு அது விஷம். கரிச்சட்டியோடு ஒப்பிட்டால் கேள்விக்கே இடமில்லை. உங்கள் வீட்டில் இன்று யாராவது மூடிய அறையில் கரி வைக்கிறார்கள் என்றால், என் இந்தப் பதிவைத் தூக்கி எறிந்துவிட்டு நாளைக்கே ஏதாவது ஒரு எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்குங்கள். ஆனால் அதை அந்த அறையில் வையுங்கள். ஹோலில் இருக்கும் பயர் பிளேஸ் பின்னறைக் கரிச்சட்டியை அணைக்காது. அதைத்தான் நான் கண்ணால் கண்டேன்.

"எங்ககிட்ட சோலார் இருக்கு." நெட் மீட்டரிங் முறை என்றால் பகலில் அனுப்பிய யூனிட் இரவு எடுத்ததைக் கழிக்கும், உங்கள் கணக்கு சரிவரலாம். நெட் பிளஸ் முறை என்றால் உற்பத்தி வேறு, நீங்கள் எரிப்பது வேறு. எரித்ததற்கு முழு பில். எந்த முறை என்று முதலில் பாருங்கள்.

"வாறவங்க இருக்க நல்லா இருக்குமே." உண்மைதான். கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர்கள், ஏப்ரல் சீசனில் அறை கொடுப்பவர்கள் வையுங்கள், அது உங்கள் தொழில். அங்கே படமும் வியாபாரத்தின் ஒரு பகுதி. ஆனால் மாதத்தில் இரண்டு நாள் வரும் விருந்தாளியின் கண்ணுக்காக, முப்பது நாளும் இருக்கும் உம்மாவின் கால் விறைக்கலாமா? விருந்தாளிக்கு மரியாதை செய்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் இருப்பவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

கரண்ட் இல்லாத நாளையும் மறக்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது மலையகத்தில் பல இடங்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த இரவுகளில் பயர் பிளேஸ் வெறும் கண்ணாடிப் பெட்டி. கம்பளி, சுடுதண்ணி போத்தல், அடைத்த ஜன்னல் இவைதான் கை கொடுத்தன.

அப்படியானால் என்ன செய்யலாம்? குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை.

முதல் காசை அடைப்பதில் போடுங்கள். படுக்கை அறைக்காவது சீலிங், கதவுக்குக் கீழே உள்ள இடைவெளிக்கு ரப்பர் பட்டி, தடித்த திரை, சீமெந்து நிலத்தில் ஒரு கார்பட். இவை ஒரு தடவைச் செலவு, மாதப் பில் இல்லை.

இரண்டாவது, ஆளைச் சூடாக்குங்கள், ஹோலை அல்ல. எலக்ட்ரிக் போர்வை 100 வொட் அளவில் எடுக்கும். இரவு 8 மணித்தியாலம், 30 நாள், 24 யூனிட். 180 எங்கே, 24 எங்கே? கைக்குழந்தைக்கும், சீனி வியாதியால் காலில் உணர்வு குறைந்தவர்களுக்கும் மட்டும் அதைப் போட வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

மூன்றாவது, ஹீட்டர்தான் வேண்டுமென்றால், சில்லு வைத்த எண்ணெய் ஹீட்டர் நல்லது. சத்தமில்லை, மகன் படிக்கும்போது அவன் அறை, பிறகு உம்மும்மாவின் அறை என்று தள்ளிக்கொண்டு போகலாம். சுவரில் பதித்த பயர் பிளேஸ் யாரையும் தேடிப் போகாது, நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

நான்காவது, வசதி உள்ளவர்கள் சூடும் தரும் இன்வேர்ட்டர் ஏசியை விசாரியுங்கள். அது வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுப்பதால் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் சூடு தரும். எந்தப் பயர் பிளேஸாலும் முடியாதது அது. ஆனால் கடையில் இருப்பவை பெரும்பாலும் குளிர் மட்டும் தருபவை, கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக அந்த ஐந்து கேள்விகள். குடும்பமாக உட்கார்ந்து, வீட்டிலுள்ள வயதானவரையும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1. நம் வீட்டில் யாருக்குக் குளிர்கிறது, எந்த அறையில், எத்தனை மணிக்கு?
2. இதை வைக்கப்போகும் அறையில் சூடு நிற்குமா? சீலிங், கதவு, சிம்னி, மாடிப்படி?
3. நம் பொயின்டும் வயரும் 9 அம்பியரை மணிக்கணக்காகத் தாங்குமா?
4. இப்போதைய யூனிட்டோடு ஹீட்டர் யூனிட்டைக் கூட்டினால் பில் எந்தப் படிக்குப் போகும்? அந்தக் காசு வேறு எதிலிருந்து வெட்டப்படும்?
5. நெருப்புப் படம் இல்லாவிட்டாலும் இதே விலைக்கு வாங்குவோமா?

ஐந்துக்கும் மனச்சாட்சியோடு பதில் இருந்தால் வாங்குங்கள், என்னையும் பிளேன்டீக்குக் கூப்பிடுங்கள், வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மாணவனின் வீட்டில் இப்போது என்ன நிலை என்று கேட்பீர்கள். பயர் பிளேஸைக் கழற்றவில்லை, கழற்றச் சொல்லவும் இல்லை. இரவு எட்டு மணியோடு அதை நிற்பாட்டிவிடுகிறார்கள். உம்மும்மாவின் கட்டிலை ஹோலுக்குப் பக்கத்து சின்ன அறைக்கு மாற்றி, ஒரு எலக்ட்ரிக் போர்வை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கரிச்சட்டியை மகன் பின்வளவில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறான். போன வெள்ளிக்கிழமை கண்டபோது உம்மும்மா சொன்னார்: "இப்ப தல வலி இல்ல மகன்."

இன்று இரவு உங்கள் வீட்டுப் பின்னறைக் கதவை ஒரு தடவை திறந்து பாருங்கள். கட்டிலுக்குக் கீழேயும் பாருங்கள்.

பிரயோசனம் என்று நினைத்தால் ஷெயார் பண்ணுங்கள். பிழை இருந்தால் கொமென்டில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.